புத்தகத்து மழை

வீரய்யா தம் மனைவிக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததாக, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் முப்பத்தொரு வருடம் அவளுக்காக மழையைக் குறைத்துக் கொடுத்தார். இரண்டில் எது பெரிய சீதனம் என்று கேட்டால் கொழுந்து எடுக்கிற பெண்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் ஏறி வரத் தயங்குகிற ஒரு தோட்டம். அதன் ஆபீஸுக்கு அவர் காவற்காரர். காவல் காக்கிற அளவுக்கு அங்கே எதுவும் இல்லாததால், மழையை அளக்கிற வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஆபீஸுக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு செப்பு உருளை நட்டிருக்கும். வெள்ளைக்காரன் விட்டுப் போனது. தோட்டம் நாலு கம்பெனி கைமாறியும் அதை மட்டும் யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலை ஆறரை மணிக்கு வீரய்யா உள்ளேயிருக்கிற போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இத்தனை மில்லிமீற்றர் என்று பெரிய புத்தகத்தில் எழுதுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். முப்பத்தொரு வருடத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. வேலைக்கு வருகிற ஒவ்வொரு கிளாக்கருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டி, வெட்டி எழுதினால் தோட்டத்து மானேஜரான துரையின் கையெழுத்து வேண்டும் என்ற சட்டத்தை அவரே சொல்லிக் கொடுப்பார்.

அவ்வளவு சுத்தமான புத்தகம். முழுக்கப் பொய்.

பொய் தொடங்கியது கலியாணமான முதல் வருடம். மழையில் எடுத்த கொழுந்தில் தண்ணீர் இருக்கும், தண்ணீருக்கு எடை இருக்கும், அதனால் நிறுக்கும்போது சில கிலோ கழிப்பார்கள். எத்தனை கழிப்பது என்பதற்கு அந்தத் தோட்டத்தில் ஒரு விசித்திரமான நீதி இருந்தது. காலையில் மழைப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் கூடைக்கு இரண்டு கிலோ, ஐம்பதைத் தாண்டினால் மூன்று. ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர் மனைவி மீனம்மா தலையில் மழைக்குப் படங்குத் துணியைப் போட்டுக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, மடுவத்தில் வரிசையில் நின்று தன் கூடையில் மூன்று கிலோ காணாமற் போவதைப் பார்த்தாள். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை.  வீரய்யா அதை ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்தார். மறுநாள் காலை அளந்தபோது ஐம்பத்தாறு வந்தது. அவர் கை நாற்பத்தொன்பது என்று எழுதியது.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. கோட்டைத் தாண்டுகிற மழையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து வைப்பார். பெண்களுக்கு விஷயம் தெரியும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகிற வழியில் பக்கத்துக் காம்பராவில், லயத்து அடுத்த அறையில், குடியிருக்கும் ராசம்மா குரல் கொடுப்பாள்: “அண்ணே, இன்னைக்கு எம்புட்டுப் பேய விட்டீங்க?” அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்.

வீட்டில் மட்டும் நிஜம். அவர் திரும்பி வந்து கதவருகில் சப்பாத்தைக் கழற்றும்போது மீனம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்: “நெசமாவா, பொஸ்தகத்துலயா?” அவர் இரண்டையும் சொல்வார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே வேறு இரகசியம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. ஒரே மகள் ஜெயந்தினியை உடப்புசல்லாவையில் கட்டிக் கொடுத்த பிறகு காலையில் அந்தக் காம்பராவில் பேசப்பட்ட முதல் வார்த்தை பெரும்பாலும் மழையைப் பற்றியதுதான்.

ஆகவே அந்த மலையில் மழை மாறிவிட்டது என்பது உண்மையாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். முன்பெல்லாம் மழை, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி, வந்தால் மூன்று மாதம் உட்கார்ந்து தூறிக்கொண்டிருக்கும். இப்போது அது பொலிஸ்காரன் மாதிரி வருகிறது. நாற்பது நாள் ஆளைக் காணோம். பிறகு ஒரே நாளில் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகிறது. பெரிய பட்டணங்களில் படித்தவர்கள் கூடி, எங்கெங்கே எவ்வளவு மழை கூடியது, அதனால் உலகத்துக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்க்கிறார்களாம். அந்தக் கணக்கில் இந்த மலையின் மழையும் சேர்ந்திருந்தால், அதில் மீனம்மாவின் கூடைக்காகக் குறைத்ததும் சேர்ந்திருக்கும்.

சோற்றுக் கவலை பட்டணத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் மலை ஏறி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடம் உரம் இல்லை என்றார்கள். தேயிலை மஞ்சளாகிக் கொழுந்து நின்றது. அடுத்த வருடம் மாவு இல்லை என்றார்கள். ரொட்டியே மூன்று வேளையும் என்று வாழ்ந்த சனம், ரொட்டியின் அளவைக் குறைத்துப் பார்த்தது, பிறகு வேளையைக் குறைத்துப் பார்த்தது. லயத்துக்கு நேர் மேலே, செத்தும் சாகாமலும் நின்ற ஒரு பழைய தேயிலை மலையைத் தோட்டம் கைவிட்டிருந்தது. ஒருவர் நாலு செடியைப் பிடுங்கி உருளைக்கிழங்கு போட்டார். துரை பார்த்தும் பாராததுபோல் போனார். மூன்று மாதத்தில் அந்த மலை முழுக்க வரம்பு வரம்பாகக் கிழங்கும் லீக்ஸும் போஞ்சியும். மீனம்மாவுக்கு மூன்று வரம்பு. மாதத்தின் கடைசிப் பத்து நாளும் அந்த மூன்று வரம்புதான் சோறு போட்டது.

வீரய்யா அப்போது ஒரு வார்த்தை சொன்னார். பழைய தேயிலையின் வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போகும், உருளைக்கிழங்கு ஒரு சாண்தான் போகும், மலை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார். நூற்றைம்பது வருடமாக ஒரு வாய் சோறும் போடாத செடி மலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வயிற்றை நிரப்புகிற செடி மலையை விட்டுவிடுகிறது. கேட்டவர்கள் மறுக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கிழங்கை அவித்துக் கொடுத்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவரும் மீனம்மா அவித்ததைத்தான் தின்றார்.

மண்சரிவைப் பற்றிப் படித்த அதிகாரிகள் ஒரு தடவை ஜீப்பில் வந்தார்கள். ஒரு சிங்களப் பெண்தான் தலைவி. நன்றாகத் தமிழ் பேசினாள். எந்த லயம் ஆபத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும், முப்பது வருட மழைக் கணக்கு வேண்டும் என்றாள். வீரய்யா புத்தகங்களை அடுக்கி வைத்தார். அவள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். இவ்வளவு ஒழுங்கான பதிவை இந்த மாவட்டத்தில் எங்கும் பார்க்கவில்லை என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்தக் கையை அவர் உடனே உருவிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வெளியே மடுவத்தில் பெண்கள் வரிசையில் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். 

வரைபடம் வந்தபோது அவர்களுடைய லயம் மஞ்சள் நிறத்தில் இருந்தது. சிவப்பு நிறத்தில் இருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு தருவதாகப் பேச்சு. மஞ்சள்காரர்களுக்கு ஒரு பலகை கிடைத்தது. மழைப் புத்தகத்தில் ஒரு நாளின் கணக்கு நூறு மில்லிமீற்றர் தாண்டினால் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சங்கு ஊதும், எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று மூன்று மொழியில் அதில் எழுதியிருந்தது.

இரண்டு தடவை ஊதியது. இரண்டு தடவையும் குழந்தை குட்டியோடு இறங்கினார்கள். மலை சும்மா இருந்தது. திரும்பி வந்தால் காட்டுப்பன்றி கிழங்கு வரம்பை உழுதுவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் கிடந்த நாளுக்குப் பேரும் விழவில்லை. பேர் விழவில்லை என்றால் அந்த நாள் வேலை செய்ததாகக் கணக்கில்லை. இரண்டாம் தடவைக்குப் பிறகு ராசம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: “நூறத் தாண்ட விட்றாதீங்கண்ணே. பன்னிக்கு ஆக்கிப்போட நம்மளால ஆகாது.”

கார்த்திகை பிறந்து பத்தாம் நாள் இரவோடு இரவாக மழை பிடித்தது. காலையில் வீரய்யா குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். போத்தல் நிரம்பி வெளி உருளையிலும் தண்ணீர் நின்றது. குவளை இருபத்தைந்து கொள்ளும். நாலு தடவை நிரப்பி ஊற்றினார். ஐந்தாவதில் பதினெட்டு. நூற்றுப் பதினெட்டு. ஆபீஸில் கிளாக்கர் இன்னும் வரவில்லை. அவர் புத்தகத்தைத் திறந்து, முத்து முத்தாக, தொண்ணூற்றெட்டு என்று எழுதிவிட்டு வந்தார்.

அன்றைக்குக் கொழுந்து மலைக்கு யாரும் போகப் போவதில்லை. மழையில் பெரட்டே கலைந்திருந்தது. ஒரு கூடையும் நிறுக்கப் போவதில்லை. யாருக்கும் ஒரு கிலோவும் மிச்சமாகப் போவதில்லை. இதெல்லாம் பாதி வழியில்தான் அவர் புத்தியில் பட்டது. கை மட்டும் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது.

“நெசமாவா, பொஸ்தகத்துலயா?”

“பொஸ்தகத்துல தொண்ணூத்தெட்டு.” மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். “நெசம் நூத்திப் பதினெட்டு.”

மீனம்மா தேங்காய்ச் சம்பலை அரைப்பதை நிறுத்தினாள். “அப்ப சங்கு ஊதியிருக்கணும்ல.”

“ஊதியிருக்கணும்.”

“பதினெட்டுக் கூடப் பேஞ்சிருக்கு. போயி மாத்தி எழுதிட்டு வாங்க. சின்னப் புள்ளைங்க இருக்கு லயத்துல.”

அவர் மாற்றி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தொடங்கினார். அவள் கேட்கவில்லை. அவருக்கு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, முள்ளையும் சாக்கையும் எடுத்தாள். முள்ளு என்பது மண் கிளறுகிற கவை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் மூன்று நாளோ நாலு நாளோ, கிழங்கு முற்றிவிட்டது, தண்ணீரில் அழுகும், மிச்சத்தைப் பன்றி தின்னும், ஒரு வரம்பையாவது கிண்டி எடுத்துவிட வேண்டும் என்றாள். அவர் வேண்டாம் என்றார். அவள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“அங்க போயி எதத் திங்கிறது? நீங்க போயிச் சங்க ஊதச் சொல்லுங்க. ஊதின ஒடனே எறங்கிர்றேன்.”

இருவரும் ஒன்றாகத்தான் படியிறங்கினார்கள். அவர் கீழே போனார், அவள் மேலே போனாள். அப்போது மணி ஏழு இருக்கும்.

ஆபீஸில் கிளாக்கர் தனுஷன் வந்திருந்தான். அதே தோட்டத்துப் பையன், ஏ லெவல் படித்தவன், இருபத்தாறு வயது. இலக்கம் தவறிவிட்டது, மாற்ற வேண்டும் என்று வீரய்யா சொன்னார். தனுஷன் சிரித்தான்.

“வெட்டி எழுதினா தொர கையெழுத்து வேணுமே மாமா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

துரை முதல் நாளே நுவரெலியாவுக்குப் போய் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். தனுஷன் போன் எடுத்துப் பார்த்தான், கிடைக்கவில்லை. கொஞ்சம் இருங்கள், மறுபடி பார்ப்போம் என்றான். கண் மங்கியிருக்கும், நாளைக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்றும் ஆறுதல் சொன்னான். வீரய்யா பெஞ்சில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தொரு வருடத்துச் சுத்தத்தை ஒரு காலையில் அழுக்காக்குவது லேசில்லை. தவிர அது அவருடைய அழுக்கு மட்டுமல்ல, அந்த லயத்துப் பெண்கள் எல்லோருடைய கூடையும் அதில் இருந்தது. கூரைத் தகரத்தில் மழை அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் மணி ஏழரை. ஏழு நாற்பது. ஏழு ஐம்பதுக்கு எழுந்து போய்ப் புத்தகத்தைத் தனுஷன் முன்னால் திறந்து வைத்தார்.

“இது பொய்ப் பொஸ்தகம்ப்பா. இன்னைக்கி மட்டுமில்ல. எல்லாப் பக்கமும் பொய்.”

தனுஷன் அவர் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய அம்மாவும் அந்த மடுவத்தில் நின்றவள்தான்.  துரையின் கையெழுத்தும் இல்லாமல், புத்தகத்தையும் வெட்டாமல், ஸ்டோருக்குப் போன் எடுத்துச் சங்கை ஊதச் சொன்னான்.

வீரய்யா பாதையில் ஏறும்போது எதிரே சனம் இறங்கி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள், படுக்கைச் சுருட்டுகள், ஒரு டீவி, ஒரு கோழி. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஏறினார். சனம் தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்கு வந்தபோது மேலே லொறி ஒன்று பின்னுக்கு வருகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அந்த மலைக்கு லொறி போகிற பாதை கிடையாது. நிமிர்ந்து பார்த்தார். கொடியில் காயப்போட்ட துணி நழுவுகிற மாதிரி, கிழங்கு மலை மெதுவாக, வரம்புகள் கலையாமலே, பள்ளத்துப் பக்கம் இறங்கியது.

மேலே கிழங்கு கிண்டப் போனவர்கள் மூன்று பேர். ராசம்மாவும் இன்னொருத்தியும் சங்கு கேட்டதும் ஓடி வந்துவிட்டார்கள். மீனம்மாவும் சங்கு கேட்டவுடன் முள்ளைப் போட்டாளாம். சொன்ன சொல் தவறவில்லை. சாக்கின் வாயை மட்டும் கட்டிக்கொண்டிருந்தாள். “கட்டிட்டு வந்துர்றேன், நீங்க போங்கடி” என்றாளாம். ராசம்மா இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். வீரய்யாவிடம் ஒரு தடவைதான் சொன்னாள்.

மத்தியானம் இரண்டாவது சரிவு வந்து லயத்தை அடியோடு கொண்டுபோயிற்று. இருபத்திரண்டு காம்பராவிலும் ஆள் இல்லை.

பாதை ஐந்து இடத்தில் உடைந்திருந்தது. ஒன்பது நாளுக்கு வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் மீனம்மாவை ஆற்று வளைவில் கண்டெடுத்தார்கள். உடப்புசல்லாவையிலிருந்து மகள் வர வழியில்லை. தகவல் சொல்லவும் வழியில்லை. வெள்ளம் ஏறாத ஒரு மேட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அவளைத் தேடிப் போன பையன்கள் அதற்கு முதல் நாளே ஒரு சாக்கைச் சேற்றிலிருந்து இழுத்து வந்து வகுப்பறை மூலையில் வைத்திருந்தார்கள். முக்கால் சாக்குக் கிழங்கு. வாய் கட்டியபடியே இருந்தது.

ஐந்தாம் நாள் அரிசி தீர்ந்தது. கோழியும் தீர்ந்திருந்தது. தொண்ணூறு பேர் அந்தச் சாக்கைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். அதன் பக்கம் யாரும் பாய் விரிக்கவும் இல்லை. பின்னேரம் ஒரு குழந்தை நிறுத்தாமல் அழுதது. தாய் அதை வெளியே தூக்கிக்கொண்டு போனாள். மழையில் எவ்வளவு நேரம்தான் வெளியே நிற்பது, திரும்பவும் உள்ளே வந்தாள்.

வீரய்யா எழுந்து போய்ச் சாக்கின் முன்னால் உட்கார்ந்தார். தனுஷன் கத்தியை நீட்டினான். அவர் வாங்கவில்லை. நனைந்து இறுகிய முடிச்சு. நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி, கயிற்றை அறுக்காமல் அவிழ்ப்பதற்கு அரைமணி நேரம் பிடித்தது. அவிழ்த்த கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் கிழங்கைக் கழுவி, உப்புப் போட்டு, பள்ளிக்கூடத்துப் பெரிய அண்டாவில் அவித்தார்கள். ஆளுக்கு இரண்டு வந்தது. அவருக்கும் இரண்டு வைத்தார்கள். அவர் தோலை உரித்துத் தின்றார். பசித்தது.

பாதை திறந்த பிறகு பெரிய மனிதர்கள் வந்தார்கள். இருபத்திரண்டு குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்று வீரய்யாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதிகாரிப் பெண்ணும் வந்திருந்தாள். அவளிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வரைபடத்தை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு, அந்த லயம் சிவப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பத்திரத்தை யாரும் திருப்பி வாங்கவில்லை. தனுஷனும் துரையிடம் எதையும் சொல்லவில்லை. ஏழு மணிக்கும் ஏழு ஐம்பதுக்கும் நடுவே என்ன நடந்தது என்று வீரய்யாவை யாரும் கேட்கவுமில்லை.

இப்போது செப்பு உருளைக்குப் பக்கத்தில் புது இயந்திரம் ஒன்று நிற்கிறது. மழை விழ விழ அதுவே இலக்கத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிடும். வீரய்யாவின் புத்தகத்தை இனிச் சங்குக்கும் வரைபடத்துக்கும் யாரும் பார்க்கப் போவதில்லை. கொழுந்து நிறுக்க மட்டும்தான் அது. இனி அதில் எவ்வளவு பொய் எழுதினாலும் ஓர் உயிருக்கும் சேதமில்லை. அவரோ முதன்முறையாக அதில் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு மாதம் பெண்கள் பொறுத்தார்கள். கிழங்கு மலையும் இல்லை, கிலோவும் போகிறது. தற்காலிகக் கொட்டில்களில் மறுபடி ரொட்டியின் அளவு குறைந்தது. தை மாதம் ஒரு நாள் காலை ராசம்மா ஆபீஸுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். சிரிக்கவில்லை.

“கொஞ்சம் கொறைச்சிப் போட்டா என்னண்ணே? இப்பதான் மிசின் இருக்கே. அக்கா இருந்தா கொறைச்சிருப்பீங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை என்று அவருக்கும் தெரியும். ஒரு தடவை நிரப்பி ஊற்றிய குவளையில் மிச்சத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு. மொத்தம் இருபத்தேழு. இரண்டைக் குறைத்தால் போதும்.

“கொறைச்சிருப்பேன்” என்றார். “வீட்டுக்குப் போனதும் நெசம் எதுன்னு கேக்க அவ இருந்தா.”

ராசம்மா கூடையை மாட்டிக்கொண்டு போனாள். அவர் குவளைத் தண்ணீரைப் புல்லில் ஊற்றினார். ஆபீஸுக்குள் போய் இருபத்தேழு என்று எழுதினார். எழுத்து முன்னைப் போல் முத்தாக இல்லை.